கூத்துக்களரியும் பொதுப்பணமும்

கலைகளுக்கு அரசு உதவ வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. எவரும் மறுக்காத கருத்துகளிலேதான் நாம் கூடுதலான விழிப்போடு இருக்க வேண்டியுள்ளது. ‘கலை’ என்ற சொல்லையும் ‘மக்கள்’ என்ற சொல்லையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அத்தொகை எந்த மக்களிடம், எந்த வேலைக்காக, எந்த நாளில் போய்ச் சேர்கிறது என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. மட்டக்களப்பு வாவிக்கரையின் கூத்தை முன்வைத்து அவ்வினாவை இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருவீதியில் தன்னாமுனை இருக்கிறது. வாவியை ஒட்டி அமைந்த கத்தோலிக்க ஊர். தோணியும் வலையும் கூலிவேலையுமாகப் பலரின் பிழைப்பு நடக்கிறது. அதே வீதியில் வடக்கே சென்றால் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம். தெற்கே திரும்பி, நகரையும் பாலத்தையும் கடந்தால், கல்லடியிலே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவகம் அது. இவ்விரண்டு இடங்களிலும் கூத்து ஆராயப்படுகிறது, கற்பிக்கப்படுகிறது, பொதுப்பணத்திலே மேடையேறுகிறது. அது மகிழத்தக்கதே. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே வாழும் ஒரு மீனவனின் மகன், பட்டத்துக்காக அன்றி ஆடவேண்டும் என்பதற்காகவே கூத்துப் பழக விரும்பினால், அவன் பழகும் இரவுகளுக்கு யார் பொறுப்பு? பொதுப்பணம் அவனை எந்த வழியாக வந்தடையும்? இதற்கு விடைகாண வேண்டுமாயின் கூத்து எவ்வாறு உருவாகிறது என்பதை முதலிலே நோக்குதல் வேண்டும்.

நகரத்து இரசிகனுக்குக் கூத்து என்பது ஒரு மாலைக் காட்சி. ஊரவனுக்கு அது மாதக்கணக்கான ஓர் உழைப்பு. ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்தை ஆடுவது எனத் தீர்மானிக்கின்றனர். அண்ணாவியாரை அழைத்து வந்து, குரலையும் உடல்வாகையும் பார்த்து, யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என வகுத்து, உரிய பாட்டுகளை எழுதி ஒப்படைக்கின்றனர். இதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். அதன்பின் களரியிலே இரவு தோறும் பயிற்சி நடக்கிறது. மத்தளத்தின் முன்னால் அண்ணாவியார் நிற்பார், கூத்துக்கொப்பியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார், சல்லரி ஒலிக்கும். தாளக்கட்டைக் கால் பற்றிக்கொள்ளும்வரை ஒரே வரவு திரும்பத் திரும்ப ஆடப்படும். ஆட்டம் ஓரளவு பிடிபட்டதும் சதங்கை அணியும் சடங்கு. அதைத் தொடர்ந்து கிழமைக் கூத்து. அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல். இவற்றுக்கெல்லாம் பின்னரே வட்டக்களரியிலே விடியும்வரை நடக்கும் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் அது முடிந்துவிடுவதில்லை. கூத்தர்கள் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். வீட்டார் தம்மால் இயன்றதைக் கொடுப்பர். செலவின் ஒரு பகுதி அவ்வாறு ஈடுசெய்யப்படும்.

இந்த ஒழுங்கைக் கூர்ந்து நோக்கினால் அதனுள்ளே ஒரு பொருளாதார அமைப்பு இருப்பதைக் காணலாம். ஊர் தன் கலைக்குத் தானே வரி விதித்துக்கொண்ட அமைப்பு அது. அந்த வரியின் பெரும்பகுதி பணமாகச் செலுத்தப்பட்டதன்று; இரவாகச் செலுத்தப்பட்டது. வயல் வேலை ஓய்ந்த காலத்திலே உழவனிடம் பணம் இல்லாவிட்டாலும் இரவு இருந்தது. அந்த இரவையே அவன் கலைக்குக் கொடுத்தான். வடமோடியின் போர்க்கதைகளும் தென்மோடியின் காதற்கதைகளும் தலைமுறை தாண்டி வந்தமைக்கு இந்த இரவுகளே காரணம். ஏடுகள் அவற்றைக் காத்தன என்று சொல்வது பாதி உண்மைதான். ஏட்டில் உள்ளது பாட்டு. ஆட்டம் இருப்பது காலில்.

இக்கலைக்கு அரசின் பணம் முதன்முதலாக முறைப்படி வந்து சேர்ந்த காலம் முரண்பாடு நிறைந்தது. 1952இல் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைக் கலைக்கழகம், 1956க்குப் பின்னர் புதிய வேகம் பெற்றது. கலாசாரத்துக்கென ஒரு திணைக்களமும் அந்த ஆட்சியிலேயே தோன்றியது. அதே 1956இலேதான் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரிலேதான் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறிற்று. ‘மனமே’ தன் உருவத்தைச் சிங்கள நாடகமவிலிருந்து பெற்றது; நாடகமவோ கரையோரக் கத்தோலிக்கரிடையே தமிழ்க் கூத்தின் தொடர்பால் வளர்ந்தது. ஆக, தமிழனின் மொழிக்குக் கதவடைத்த ஆண்டிலேயே தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை கொழும்பு மேடையிலே முடிசூடியது. இனவாதிகள் எப்பக்கத்தில் இருந்தாலும் இந்த உண்மையை விரும்பமாட்டார்கள். நாமோ இதனை நம் மாணவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அக்காலத்திலே கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அரசு தந்த சிறு தொகையை அவர் கொழும்பிலே வைத்துச் செலவிடவில்லை என்பதே அவர் செய்த முதற்பணி. மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளுக்கு அதனைக் கொண்டுசென்றார். ஊர்தோறும் கூத்துப் போட்டிகள் நடந்தன. அண்ணாவிமாரின் மாநாடுகள் கூடின. கையெழுத்துக் கொப்பிகளாய்க் கிடந்த நாடகங்கள் அச்சேறின. ‘அலங்காரரூபன் நாடகம்’ என்னும் தென்மோடிக் கூத்து 1962இல் நூலாயிற்று. கற்றோர் மத்தியிலே ‘பாமரர் ஆட்டம்’ என ஒதுக்கப்பட்டிருந்த கலைக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அரச முத்திரையோடு வந்து மதிப்பளித்தார். அதன் விளைவை இன்று எளிதாக அளந்துவிட முடியாது. கூத்தாடியின் மகன் என்று சொல்லக் கூசிய பிள்ளை பள்ளிக்கூட மேடையிலே கூத்தாடிப் பரிசு பெற்றமை பண்பாட்டு வரலாற்றிலே சிறிய நிகழ்ச்சியன்று.

அடுத்த கட்டம் பேராதனை. 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, அவற்றைத் தொடர்ந்து ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். மட்டக்களப்பு மண்ணிலிருந்து சென்ற மாணவரான சி. மௌனகுரு கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடினார். பிற்காலத்திலே ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற ஆய்வை நமக்குத் தந்தவரும் அவரே. விடியும்வரை நடந்த கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடையாக மாறியது. இம்மாற்றத்தைப் பழிப்போரோடு நாம் சேரமாட்டோம். நாகரிக மேடைக்குள் கூத்து நுழைந்திராவிட்டால் ‘நாடகமும் அரங்கியலும்’ என்னும் பாடமோ, தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்துக்கு ஓர் இடமோ கிடைத்திராது.

எனினும் ஒரு விடயத்தைத் திறனாய்வாளர்கள் இன்னும் நேர்நின்று பேசவில்லை. இவ்வியக்கத்திலே பணமும் மதிப்பும் எத்திசையில் ஓடின? ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அண்ணாவியார் சென்றார், ஆட்டம் சென்றது, பாட்டுச் சென்றது. ஊருக்குத் திரும்பி வந்தவை பொன்னாடையும் சான்றிதழும் அச்சு நூலும். அண்ணாவியாருக்கு வேதனம் வரவில்லை. களரிக்கு விளக்கு வரவில்லை. பழகுவோனின் இரவுக்கு ஈடு வரவில்லை. வித்தியானந்தனின் கையில் இருந்த தொகை சிறிது. அவர்மீது இக்குறையைச் சுமத்துவது நியாயமாகாது. குறை அவருக்குப் பின் வந்த அமைப்பில் உள்ளது. அவர் அவசரத்துக்கு எடுத்த கருவிகளையே, அதாவது போட்டி, விழா, மாநாடு, பரிசு ஆகியவற்றையே, அரசு பின்னர் நிரந்தரக் கொள்கையாக்கிக் கொண்டது. கலையைக் கண்டெடுக்க உதவிய கருவி கலையை வளர்க்கும் கருவியாகாது. கிணறு தோண்டியவன் மண்வெட்டியாலே நீர் இறைக்க முற்பட்டால் எப்படி இருக்கும்!

இன்றைய நிலையை நோக்குவோம். பிரதேச செயலகந்தோறும் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். ஆண்டுதோறும் இலக்கிய விழா நடக்கிறது. அறுபது வயதைக் கடந்த கலைஞருக்குக் ‘கலாபூஷணம்’ என்னும் அரச விருது கிடைக்கிறது. முதுமையிலே கிடைக்கும் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இருபது வயதிலே ஆடத் தொடங்கும் ஒருவன் இவ்வுதவியைப் பெற நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை கலை அவனுக்குச் செலவு மட்டுமே. கொழும்பு மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்து மேடையிலே நடித்து முதுமை எய்திய கலைஞரின் நலனுக்காக 1978இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டு மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. நகர மேடையின் நடிகன் ஓர் உழைப்பாளி என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. களரியிலே மத்தளம் அடித்து விரல் காய்த்த அண்ணாவியாருக்கென அத்தகைய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

நாம் அறிந்த ஓர் ஊர்க் கலைமன்றத்துக்கு ஒருமுறை ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. விழா நாளிலே இருபது நிமிடக் கூத்து ஆடவேண்டும் என்பது நிபந்தனை. ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் விருந்தினர் மாலைக்கும் தொகை போதியதாயிருந்தது. மாதக்கணக்கில் பழக்கிய அண்ணாவியாருக்கு எந்தத் தலைப்பின்கீழ்ப் பணம் கொடுப்பது என்று செலவுப் பட்டியலிலே தேடினார்கள். அப்படியொரு தலைப்பே இருக்கவில்லை. இறுதியிலே ‘சிற்றுண்டி’ என்ற தலைப்பில் எழுதிக் கொடுத்தார்கள். சிரிப்பதற்குரிய செய்திதான். ஆனால் ஒரு கலைக்கொள்கையின் முழு உருவமும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

போர்க்காலத்தை இங்கு ஒரு கணம் நினைவுகூர வேண்டும். இரவிலே உயிர்வாழும் கலையை ஊரடங்கு கொல்லும் அளவுக்கு வேறெதுவும் கொல்லாது. 1990இல் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலை தன்னாமுனைக்குத் தொலைவில் நடந்ததன்று. இருட்டிய பின் வாசலைத் தாண்ட அஞ்சிய ஊர்களிலே எந்தக் களரி கூடும்? ஒரு தலைமுறை தாளக்கட்டைக் கேளாமலே வளர்ந்தது. அக்காலத்திலே, 1996இல், மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாய் இருத்தி, களிமண்ணும் வண்ணமும் கதையும் கொண்டு அவர்களின் காயத்தை ஆற்ற முயன்றது. அதற்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் இன்னும் பெருகியது; தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள் சந்திக்குச் சந்தி ஆடப்பட்டன. அவற்றிலே நல்லவையும் உண்டு. ஆயினும் கைகழுவுதல் பற்றிய கூத்தை எழுதுமாறு கேட்கப்பட்ட கலைஞனுக்கு, தான் சொல்ல விரும்பியது என்ன என்று எவரும் கேட்கவில்லை. திட்டக் காலம் முடிந்தது, பணம் நின்றது, கூத்தும் நின்றது.

நமது தோழர் சிலர் இவ்விடத்திலே குறுக்கிடுவர். அரசின் பணமும் வேண்டாம், அந்நியர் பணமும் வேண்டாம். மக்கள் கலை மக்களின் கையிலேயே நிற்கட்டும் என்பர். அவர்கள் காட்டும் சான்றுகள் வலிமையானவை. 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம் வங்கப் பஞ்சத்தின் நடுவே ஊரூராய்ச் சென்று ஆடியது அரசின் தயவினாலன்று. நம் நாட்டிலும் 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடியொற்றி எழுந்த ‘கந்தன் கருணை’ கூத்துருவிலே மக்களைச் சென்றடைந்தது. மௌனகுருவின் ‘சங்காரம்’ உழைக்கும் மக்களைக் களரியின் நாயகராக்கியது. இயக்கத்தின் வேகம் இருக்கும்போது கலை காசை எதிர்பார்த்து நிற்பதில்லை என்பது உண்மை.

ஆனால் இயக்கம் வேகம் குன்றும் காலமும் உண்டு. அக்காலத்திலும் கால் பழக வேண்டும். மேலும், அரசின் பணம் என்று நாம் சொல்வது யாருடைய பணம்? பெறுமதி சேர் வரி 2024இல் 18 வீதமாக உயர்ந்தது. கடையிலே சவர்க்காரம் வாங்கும் மீனவப் பெண்ணும் அவ்வரியைச் செலுத்துகிறாள். அவள் கொடுத்ததிலே ஒரு துளியை அவள் மகனின் களரிக்குத் திருப்பிக் கேட்பது பிச்சையுமாகாது, கொள்கை விட்டுக்கொடுத்தலுமாகாது.

முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. பெருமந்தக் காலத்திலே, 1935இல், அமெரிக்க அரசு ‘கூட்டாட்சி நாடகத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கியது. ஹாலி ஃபிளனகன் என்ற பெண்மணி அதனை நடத்தினார். உச்ச நிலையிலே 12,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை பெற்றனர். நடிகனுக்கும் தச்சனுக்கும் தையற்காரிக்கும் வேதனம் வழங்கப்பட்டது; ஒத்திகையும் உழைப்பாகவே கணிக்கப்பட்டது. பெரும்பாலான காட்சிகளைக் கட்டணமின்றி ஏழை மக்கள் பார்த்தனர். அந்நாட்டின் வீட்டுப் பிரச்சினையையும் விவசாயியின் துயரையும் மேடைக்குக் கொண்டுவந்தமையால் சட்டசபையின் பிற்போக்காளர் அதன்மீது பாய்ந்தனர். 1939 ஜூன் இறுதியில் நிதி நிறுத்தப்பட்டது. தோழர்களின் அச்சத்துக்கும் இங்கே ஆதாரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது, நான்கு ஆண்டுகள் ஓர் அரசு காட்சிக்கன்றி உழைப்புக்குக் கூலி கொடுத்தது என்பதையே.

இனி, ஊரைப் பற்றியும் சில கடுமையான சொற்கள் சொல்ல வேண்டும். ‘சமூகக் கலை’ என்ற சொல் அழகானது. ஆனால் சமூகம் ஒரே உடலன்று. அரசனின் உடுப்புக்கு மணியும் கண்ணாடியும் வாங்கும் வசதி படைத்தவனுக்கே அரச பாத்திரம் போய்ச் சேர்ந்த ஊர்கள் பல. சேவகனாய் வந்தவன் வாழ்விலும் சேவகனாயிருந்தான். பெண் பாத்திரத்தை ஆண் ஆடினான். பெண் பாய் விரித்துப் பார்த்திருந்தாள். பறைமேளக் கூத்தை ஆடும் மக்கள் சாவீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் அழைக்கப்பட்டார்கள். கலைமன்ற நிர்வாகத்துக்கு அழைக்கப்படவில்லை. அரசின் தொகை பதிவுபெற்ற மன்றத்துக்கே வழங்கப்படும் எனில், மன்றத்தின் வாசலிலே நிறுத்தப்பட்டவர்களை அத்தொகை எப்படி எட்டும்? ஊருக்குள்ளேயே மேடும் பள்ளமும் இருக்கும்போது பாய்ச்சும் நீர் முதலில் எங்கே தேங்கும் என்பது உழவனுக்குத் தெரியும்.

இதனை உணர்ந்தே 2000களின் தொடக்கத்திலே சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடிணைந்தோரும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். கூத்தை நகர மேடைக்கு எடுத்துச் செல்லாமல் ஊர்க்களரியிலேயே வைத்து, ஊரவரோடும் அண்ணாவிமாரோடும் இருந்து, பனுவலிலுள்ள சாதியையும் பெண்ணிழிவையும் விவாதித்து மாற்றி ஆடினர். பேராதனை முயற்சியிலே ஆய்வாளர் தீர்மானித்தார், அண்ணாவியார் பழக்கினார். சீலாமுனையிலே பழகுவோரும் தீர்மானித்தனர். அதன் குறைகள் பற்றி விவாதம் நடந்தது, நடக்கட்டும். நமக்கு முக்கியமானது, அங்கே வேலையின் பெரும்பகுதி பயிற்சிக் காலத்திலே நடந்தது என்பதாகும். ஊர் தன்னைப் பற்றித் தானே வாதிடும் இடம் களரியின் ஒத்திகையே. அரங்கேற்ற இரவிலே வாதம் நடவாது; தீர்ப்பே வெளிவரும்.

ஆதலால் நாம் கேட்பது மிகப் பெரிய தொகையை அன்று. தொகை வரும் நாளையும் அது எழுதப்படும் தலைப்பையும் மாற்றுமாறே கேட்கிறோம். சட்டங்கொடுக்கும் நாளிலேயே முதற்பங்கு வழங்கப்பட வேண்டும். பழக்கும் இரவுக்கு இவ்வளவு என அண்ணாவியாருக்கும் மத்தளம், சல்லரிக்காரருக்கும் வேதனம் கணக்கிடப்பட வேண்டும். மறுநாள் விடியலிலே தோணியேற வேண்டிய இளைஞனுக்குத் தேநீர்ச் செலவாவது அரசின் கணக்கில் ஏற வேண்டும். அரச உடுப்பு ஊரின் பொது உடைமையாக வாங்கப்பட்டால் அந்தப் பாத்திரம் குரலும் காலும் உள்ளவனிடம் போய்ச் சேரும். உரிய பதிவில்லாத பறைமேளக் குழுவும், ஏறாவூரின் களிகம்பு ஆடும் முஸ்லிம் இளைஞரும், பெண்கள் மட்டும் கூடிப் பழகும் களரியும் விண்ணப்பிக்க வழி இருக்க வேண்டும். தீர்மானிக்கும் குழுவிலே அண்ணாவிமார் பார்வையாளராக அன்றி வாக்குரிமையோடு அமர வேண்டும். பணம் கொடுத்தமைக்காகப் பனுவலை முன்கூட்டிக் கேட்கும் உரிமை எவருக்கும் இருத்தலாகாது; 1939இன் செய்தி அதுவே.

இதிலே நம்போன்ற ஆசிரியருக்கு ஓர் இடம் உண்டு. விண்ணப்பப் படிவத்தை எழுதத் தெரிந்த கை இன்று ஊரிலே பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் கைதான். அந்தக் கை தன் பள்ளியின் போட்டிக் கேடயத்துக்காக மட்டும் எழுதுகிறதா, மத்தளக்காரரின் கூலிக்காகவும் எழுதுகிறதா என்பது ஒவ்வொரு தவணையும் நம் முன் நிற்கும் வினா. மாணவர் செய்யக்கூடிய வேலையும் உண்டு. தம் ஊரிலே கடைசியாய் எந்த ஆண்டு எந்தக் கூத்து அரங்கேறிற்று, எத்தனை இரவு பழகினர், யார் ஆடினர், யாரை ஆடவிடவில்லை, செலவை யார் ஏற்றனர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதலாம். பிரதேச செயலகத்திலே ‘பயிற்சி இரவு’ என்ற தலைப்பைச் செலவுப் பட்டியலிற் சேர்க்குமாறு நாம் கேட்கும்போது, மேசைக்கு அப்பாலிருப்பவர் “எத்தனை இரவு?” என்றே முதலில் கேட்பார். அந்த எண் நம் கையில் எழுத்திலே இருக்க வேண்டும்.